ஒரே ஒரு ராத்திரிதான் இருக்கு: 'டாட்ஸ்வொர்த்' பார்ப்பதா, சர்க்கின் படங்களில் ஒன்றா?

"பழைய ஹாலிவுட் படம் ஒண்ணு சொல்லுங்க. காதல் கதை இருக்கட்டும், ஆனா இருபது வயசுப் பிள்ளைங்க வேண்டாம்." இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. கேட்பவர்கள் ஐம்பதைத் தாண்டியவர்களாக இருப்பார்கள், இல்லையென்றால் ஐம்பதைத் தாண்டிய அப்பா அம்மாவோடு உட்கார்ந்து பார்க்கப்போகிற பிள்ளைகளாக இருப்பார்கள். அவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் மூன்று படங்களுக்கு நடுவில்தான். வில்லியம் வைலர் இயக்கிய 'டாட்ஸ்வொர்த்' (1936), டக்ளஸ் சர்க்கின் 'ஆல் தட் ஹெவன் அலோஸ்' (1955), அதே சர்க்கின் 'தேர்ஸ் ஆல்வேஸ் டுமாரோ' (1956).

மூன்றையும் பார்ப்பதுதான் நல்லது. அதற்கு நேரம் இருப்பவர்கள் இந்தக் கட்டுரையை இத்தோடு மூடிவிடலாம். ஒரு ராத்திரி, ஒரு படம் என்பவர்களுக்குத்தான் மேலே எழுதுகிறேன். முடிவுகளைச் சொல்லாமல் இந்த ஒப்பீட்டைச் செய்ய முடியாது, ஏனென்றால் தேர்வே முடிவைப் பொறுத்தது. எழுபது, தொண்ணூறு வருஷத்துப் படங்கள்தானே, மன்னித்துவிடுங்கள்.

## எதை வைத்துத் தேர்வது?

நடிப்பு, ஒளிப்பதிவு, இசை எல்லாம் மூன்றிலும் முதல் தரம். அதை வைத்துப் பிரிக்கப் பார்த்தால் விடியும்வரை பேசலாம்.

நான் முதலில் பார்ப்பது, அந்த வயதில் வரும் காதலுக்கு யாருடைய சம்மதம் தேவைப்படுகிறது என்பதை. மூன்று கதைகளும் பிரிகிற இடம் இதுதான். ஒன்றில் ஆள் தனக்குத் தானே சம்மதம் கொடுத்தால் போதும், மற்ற இரண்டில் பிள்ளைகள் வாசலை மறித்துக்கொண்டு நிற்கிறார்கள். உங்கள் வீட்டில் கயிறு யார் கையில் இருக்கிறது என்று யோசித்தாலே பாதித் தேர்வு முடிந்துவிடும்.

அடுத்தது, கைவிடப்படுகிற ஆளிடம் படம் நியாயமாக நடந்துகொள்கிறதா என்பது. கசந்த கல்யாணத்தைப் பற்றிய படம் ஒரு பக்கத்தை மட்டும் அரக்கராக்கிவிட்டால், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் அதைச் சொந்தக் கணக்கில் எழுதிக்கொள்வார். அதுதான் மூன்றாவது விஷயத்துக்குக் கொண்டுபோகிறது: படம் முடிந்து விளக்கைப் போட்ட பிறகு வீட்டில் கிளம்பும் பேச்சு. மறைமுகச் செலவு என்றால் இதுதான்.

நீளம், நிறம், வசனத்தின் வேகம் ஆகியவை கடைசியில் வரட்டும்.

| | டாட்ஸ்வொர்த் | தேர்ஸ் ஆல்வேஸ் டுமாரோ | ஆல் தட் ஹெவன் அலோஸ் |
|---|---|---|---|
| ஆண்டு | 1936 | 1956 | 1955 |
| நீளம் | 101 நிமிடம் | 84 நிமிடம் | 89 நிமிடம் |
| நிறம் | கறுப்பு வெள்ளை | கறுப்பு வெள்ளை | டெக்னிகலர் |
| சிக்கல் | மனைவிக்கு வயது பயம், கணவனுக்கு வேலை போன வெறுமை | கணவனை வீட்டில் யாரும் கவனிப்பதில்லை | விதவைத் தாய், தன்னைவிட இளைய தோட்டக்காரர் |
| யார் சம்மதம்? | தன்னுடையது | பிள்ளைகள், கடமை | பிள்ளைகள், ஊர் |
| முடிவு | போகிறான் | தங்கிவிடுகிறான் | சேர்கிறார்கள், ஒரு விலை கொடுத்து |
| கூடவே வரும் செலவு | 'அவளும் பாவம்தானே' என்ற சண்டை | அப்பாவின் மௌனம் | அம்மாவின் கண்ணீர், பிள்ளைகளின் குற்ற உணர்ச்சி |

## டாட்ஸ்வொர்த்

சின்க்ளேர் லூயிஸ் 1929-இல் எழுதிய நாவல். அடுத்த ஆண்டே அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது, இலக்கியத்தில் அமெரிக்கர் ஒருவருக்கு முதல் தடவையாக. சிட்னி ஹோவர்ட் அதை நாடகமாக்கி 1934-இல் பிராட்வேயில் ஏற்றினார். அதில் நாயகனாக நடித்த வால்டர் ஹூஸ்டனே படத்திலும் நாயகன். திரைக்கதையும் ஹோவர்டுதான். தயாரிப்பு சாமுவேல் கோல்ட்வின். ஏழு ஆஸ்கர் பரிந்துரை வந்து, ரிச்சர்ட் டேயின் கலை இயக்கத்துக்கு மட்டும் பரிசு கிடைத்தது. அது நியாயமான பரிசு. லண்டன், பாரிஸ், வியன்னா, நேப்பிள்ஸ் என்று சுற்றுகிற கதையின் ஐரோப்பா பெரும்பாலும் ஹாலிவுட்டில் போட்ட செட்.

சாம் டாட்ஸ்வொர்த் ஒரு கார் கம்பெனியைத் தன் கையால் கட்டியவன். படம் ஆரம்பிக்கும்போது அதை விற்றுவிட்டு ஜன்னலோரம் நிற்கிறான், நமக்கு முதுகுதான் தெரிகிறது. வெளியே தொழிற்சாலை, அதன் மேல் அவன் பெயர். இருபது வருஷக் கல்யாணம். "இனியாவது நாம் வாழணும்" என்று மனைவி ஃப்ரான் ஐரோப்பாவுக்கு இழுத்துக்கொண்டு போகிறாள். கப்பலில் இங்கிலாந்துக் கரையின் கலங்கரை விளக்கம் முதல் தடவை கண்ணில் பட்டதும் சின்னப் பையன் மாதிரி துள்ளுகிறான் சாம். அந்தச் சந்தோஷத்தில் பங்கெடுக்க ஃப்ரானுக்கு நேரமில்லை. இந்தக் கல்யாணம் எங்கே உடையப்போகிறது என்பது அந்த இடத்திலேயே தெரிந்துவிடுகிறது.

ஃப்ரானுக்குத் தன் வயதுதான் பகை. முதலில் ஒரு ஆங்கில அதிகாரி (இளம் டேவிட் நிவன்), பிறகு பாரிஸில் பணக்காரன் ஐஸெலின், கடைசியில் வியன்னாவில் தன்னைவிட இளைய கர்ட் என்ற பிரபு. ஐஸெலினோடு சுவிட்சர்லாந்தில் இருக்கும்போது சாமின் கடிதம் வருகிறது. ஐஸெலின் பேச்சைக் கேட்டு அவள் அதற்குத் தீ வைக்கிறாள். எரிகிற காகிதத்தைக் காற்று மொட்டைமாடித் தரையில் தள்ளிக்கொண்டு போகிறது, கொஞ்சம் நிற்கிறது, மறுபடியும் ஓடுகிறது. கேமரா அதன் பின்னாலேயே போகிறது. ஒரு வசனம் கிடையாது. ஒரு கல்யாணம் பொசுங்குவதை அதைவிடத் தெளிவாகக் காட்டிய படம் எனக்கு நினைவுக்கு வரவில்லை.

பாரிஸில் ஃப்ரானின் பிறந்தநாள் விருந்து. முப்பத்தைந்து ஆவது எந்தப் பெண்ணுக்கும் பிடிக்காது என்கிறாள். என் வயது வரும்போது முப்பத்தைந்து இனிமையான காலமாகத் தெரியும் என்கிறாள் எடித் கார்ட்ரைட், இத்தாலியில் தனியாக வாழும் அமெரிக்கப் பெண். "உங்கள் வயதில் நானும் உங்களைப் போல இளமையாகத் தெரியணும்" என்று ஃப்ரான் ஊசி ஏற்ற, "கட்டாயம் தெரிவாய்" என்று எடித் சிரித்துக்கொண்டே திருப்பித் தருகிறாள். இதில் ஒரு வேடிக்கை. ஃப்ரானாக நடித்த ரூத் சாட்டர்டனுக்கு அப்போது 43 வயது. 'மூத்தவள்' எடித்தாக நடித்த மேரி ஆஸ்டருக்கு 30. இதைத் தெரிந்துகொண்டு அந்தக் காட்சியைப் பார்த்தால், சாட்டர்டன் ஒவ்வொரு சொல்லையும் ஏன் அப்படிக் கடித்துத் துப்புகிறார் என்று வேறு மாதிரி தோன்றும்.

திரைக்கு வெளியேயும் கல்யாணங்கள் உடைந்துகொண்டிருந்தன. படப்பிடிப்பு நடந்த 1936 கோடையில்தான் மேரி ஆஸ்டர் மகள் யாரிடம் வளர்வது என்று முன்னாள் கணவரோடு நீதிமன்றத்தில் மல்லுக்கு நின்றார். அவருடைய நாட்குறிப்பு பத்திரிகைகளுக்குத் தீனியானது. இயக்குநர் வைலரும் அதே ஆண்டில்தான் நடிகை மார்கரெட் சலவனிடமிருந்து விவாகரத்து பெற்றிருந்தார். படத்தில் யாரும் பிரிவைப் பற்றிப் புத்தகத்தில் படித்துவிட்டுப் பேசுவதுபோல் இல்லை என்றால், இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஃப்ரானிடம் படம் நியாயமாக நடக்கிறதா? இங்கேதான் வீட்டில் சண்டை வரும். ஹூஸ்டனை யாரும் வெறுக்க முடியாது. ஆனால் சாமும் சுத்தமான ஆள் இல்லை. ஊருக்குத் தனியாகத் திரும்பியதும் மகளும் மருமகனும் இருக்கிற தன் வீட்டில் தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுகிறான். வேலை இல்லாத ஆண் வீட்டுக்குள் எவ்வளவு பெரிய இடைஞ்சல் என்பதைப் படம் மறைக்கவில்லை. ஃப்ரானுக்கும் ஒரு காட்சி கொடுத்திருக்கிறது. கர்டின் தாய், பழைய வியன்னாப் பிரபு குடும்பத்துக் கிழவி, அவளை நேரில் பார்க்க வருகிறாள். மதம், பிள்ளைப்பேறு என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்துவிட்டு, இளம் கணவனுக்கு வாய்த்த கிழட்டு மனைவிக்கு எவ்வளவு குறைச்சலாகச் சந்தோஷம் கிடைக்கும் என்று யோசித்தாயா என்று கேட்கிறாள். மரியா உஸ்பென்ஸ்கயா இந்தச் சில நிமிடங்களுக்காகவே துணை நடிகைக்கான ஆஸ்கர் பரிந்துரை பெற்றார். அந்தப் பிரிவு தொடங்கிய முதல் ஆண்டு அது. அந்தக் காட்சிக்குப் பிறகு ஃப்ரானின் முகத்தைப் பாருங்கள், அதுவரை அவளைத் திட்டிக்கொண்டிருந்தவர்கள் வாயை மூடிவிடுவார்கள்.

சாம் நேப்பிள்ஸில் எடித்தை மறுபடியும் சந்தித்து, மீன் பிடித்து, புதுத் தொழில் ஒன்று தொடங்கக் கனவு கண்டு, மனிதனாகிறான். ஃப்ரானிடமிருந்து தொலைபேசி வந்ததும் கடமை என்று கிளம்பியும் விடுகிறான். கப்பலில் அவள் பழையபடி ஆரம்பிக்கிறாள். என்னை உன் ரத்தத்திலிருந்து எடுத்துவிட முடியுமா என்று அவள் கேட்கும்போது, முடியாமல் போகலாம், ஆனால் காதல் தற்கொலைக்குக் கொஞ்சம் முன்னாலாவது நின்றாக வேண்டும் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போகிறான். தணிக்கை விதிகள் 1934-இலிருந்து கெடுபிடியாக அமலில் இருந்தன. அந்தக் காலத்தில், மனைவியை விட்டுப் போகிற நடுவயதுக்காரனைத் தண்டிக்காமல் ஒரு படம் முடிந்தது என்பதே ஆச்சரியம்.

குறை என்றால் வசனம். முப்பதுகளின் வேகம், நாடகத்திலிருந்து வந்த அடர்த்தி. துணைத்தலைப்பு இல்லாமல் உட்காராதீர்கள். முதல் இருபது நிமிடம் கப்பலும் கைகுலுக்கலுமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

## தேர்ஸ் ஆல்வேஸ் டுமாரோ

'முன்னொரு காலத்தில், வெயில் காயும் கலிஃபோர்னியாவில்' என்று எழுத்து வருகிறது. அடுத்த காட்சியில் மழை கொட்டுகிறது. படத்தின் குணம் அந்த ஒரு வெட்டிலேயே இருக்கிறது.

கிளிஃப் குரோவ்ஸ் பொம்மைத் தொழிற்சாலை முதலாளி. மனைவியின் பிறந்தநாளுக்கு நாடக டிக்கெட்டோடு வீட்டுக்கு வருகிறான். மனைவிக்குச் சின்ன மகளின் நடன நிகழ்ச்சி, மற்ற பிள்ளைகளுக்கு அவரவர் வேலை. தனியாக ஏப்ரன் கட்டிக்கொண்டு சாப்பாட்டைச் சூடு பண்ணிக்கொண்டிருக்கும்போது மணி அடிக்கிறது. வாசலில் நோர்மா, முன்பு அவனிடம் வேலை பார்த்தவள், இப்போது நியூயார்க்கில் உடை வடிவமைப்பாளர். ஃப்ரெட் மக்மரேவும் பார்பரா ஸ்டான்விக்கும் சேர்ந்து நடித்த நான்காவது படம். இதே ஜோடிதான் 1944-இல் கணவனைக் கொன்று காப்பீட்டுப் பணம் பறிக்கிற கதையில் நடித்தது என்பது தெரிந்தவர்களுக்கு, இங்கே அவர்கள் கையைத் தொடக்கூடத் தயங்குவது இரட்டிப்பாக வலிக்கும்.

இந்தக் கல்யாணத்தில் கசப்பு இல்லை, அதுதான் சிக்கல். ஜோன் பென்னட் நடித்த மனைவி கெட்டவள் அல்ல. அன்பானவள், சுறுசுறுப்பானவள், கணவன் முகத்தைப் பார்க்க மட்டும் நேரமில்லாதவள். நியாயத்தை வைத்து மார்க் போட்டால் மூன்றிலும் இதற்குத்தான் அதிகம். ஃப்ரானை வெறுக்க வைலர் இடம் கொடுக்கிறார், இங்கே வெறுக்க ஆளே கிடையாது. பிள்ளைகள்மேல் கோபம் வரும், அவ்வளவுதான். மகன் அப்பாவைச் சந்தேகப்பட்டு வேவு பார்க்கிறான். பிறகு அவனும் தங்கையும் நோர்மாவின் ஓட்டல் அறைக்கே போய், விலகிப் போகச் சொல்கிறார்கள். அவள் அவர்களைப் பிடித்து உலுக்குகிற உலுக்கு இருக்கிறதே! அப்பாவுக்குக் கொஞ்சம் பாசம் காட்டியிருந்தால் இந்த நிலைமையே வந்திருக்காதே என்கிறாள். ஜன்னலில் வழியும் மழையின் நிழல் அவள் கன்னத்தில் இறங்குகிறது.

கிளிஃபின் தொழிற்சாலையில் ரெக்ஸ் என்று ஒரு ரோபோ பொம்மை. சாவி கொடுத்தால் நேராக நடக்கும். அதைச் சர்க் எங்கே, எப்போது நடக்க விடுகிறார் என்பதைக் கவனியுங்கள், மேலே நான் விளக்கம் சொன்னால் கெட்டுவிடும்.

கடைசியில் நோர்மா விமானத்தில் போகிறாள், கிளிஃப் வீட்டில் இருக்கிறான். மனைவியின் கையைக் கோத்துக்கொண்டு அவன் நடக்க, பிள்ளைகள் படிக்கட்டுக் கம்பிகளுக்குப் பின்னால் நின்று பூரிப்போடு பார்க்கிறார்கள். குடும்பம் காப்பாற்றப்பட்டது. ஜெயில் கம்பி மாதிரியே இருக்கிறது.

மறைமுகச் செலவு பெரியது. நாற்பது வருஷம் பிள்ளைகளுக்காக ஓடிய அப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைப் போட்டால், அவர் ஒன்றும் சொல்லாமல் எழுந்து படுக்கப் போவார். காலையிலும் ஒன்றும் சொல்லமாட்டார். அந்த மௌனத்துக்கு நீங்கள் தயாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

## ஆல் தட் ஹெவன் அலோஸ்

கண்டிப்பாகச் சொல்வதென்றால் இது கசந்த கல்யாணத்தின் கதை அல்ல, முடிந்துபோன கல்யாணத்தின் கதை. கேரி ஸ்காட் (ஜேன் வைமன்) வசதியான விதவை. ரான் கிர்பி (ராக் ஹட்சன்) அவள் வீட்டு மரங்களைக் கத்தரிக்க வருபவன். நடிகர்களுக்கு நடுவில் எட்டு ஒன்பது வயதுதான் வித்தியாசம், ஆனாலும் படத்தில் ஊரே கொதிக்கிறது. வயதைவிட வர்க்கம்தான் அவர்களுக்கு உறுத்தல் என்பதைச் சர்க் ஒவ்வொரு விருந்துக் காட்சியிலும் சொல்லாமல் சொல்கிறார்.

வண்ணத்துக்காகவே பார்க்கலாம். ரஸ்ஸல் மெட்டியின் ஒளியில் சிவப்பு உடை ஒன்று ஒரு வீட்டையே கலவரப்படுத்துகிறது. மகள் கே படித்தவள், ஃப்ராய்டை மேற்கோள் காட்டுகிறவள். எகிப்தில் கணவனின் மற்ற உடைமைகளோடு விதவையையும் கல்லறையில் வைத்து அடைத்துவிடுவார்கள், இப்போது அதெல்லாம் கிடையாது என்கிறாள். எகிப்தில் வேண்டுமானால் இல்லாமல் இருக்கலாம் என்கிற மாதிரி அம்மா பதில் சொல்கிறாள். சிரித்துக்கொண்டேதான் சொல்கிறாள். அதே மகள்தான் பிறகு அழுது அம்மாவைத் தடுக்கிறாள்.

அம்மா விட்டுக்கொடுக்கிறாள். கிறிஸ்துமஸுக்குப் பிள்ளைகள் வந்து, ஒருத்திக்குக் கல்யாணம், இன்னொருவனுக்கு வெளிநாடு, வீட்டை விற்றுவிடலாம் என்கிறார்கள். பதிலுக்குப் பரிசாக ஒரு டிவிப் பெட்டி வந்து இறங்குகிறது. குமிழைத் திருகினால் போதும், வேண்டிய துணையெல்லாம் திரையில் வந்துவிடும் என்று விற்பனையாளன் அடுக்கிக்கொண்டே போக, அணைந்த திரையில் கேரியின் முகம் மட்டும் தெரிகிறது. பண்டிகைக்கு அம்மாவுக்குப் பெரிய டிவி வாங்கி அனுப்பிய எவரும் இந்தக் காட்சியை நிம்மதியாகப் பார்க்க முடியாது. நானும் அனுப்பியிருக்கிறேன்.

முடிவில் ரான் விழுந்து அடிபட்டுக் கிடக்க, கேரி அவன் பக்கத்தில் இருக்கிறாள், ஜன்னலுக்கு வெளியே பனியில் ஒரு மான். சிலருக்கு இது அழகு, சிலருக்கு அசட்டுத்தனம். அவன் எழுந்து நிற்கிற நிலையில் இருந்திருந்தால் அவளுக்கு வரத் தைரியம் இருந்திருக்குமா என்ற கேள்வி எனக்கு ஒவ்வொரு தடவையும் வருகிறது. ஜெர்மானிய இயக்குநர் ஃபாஸ்பிண்டர் 1974-இல் இதே எலும்புக்கூட்டின் மேல் வேறொரு படம் எடுத்தார். அதில் மான் கிடையாது.

## பட்டியலில் சேர்க்காத ஒன்று

லியோ மக்கேரியின் 'மேக் வே ஃபார் டுமாரோ' (1937) பற்றி யாராவது சொல்வார்கள். வீட்டைப் பறிகொடுத்த முதிய தம்பதியைப் பிள்ளைகள் ஆளுக்கொரு வீடாகப் பிரித்து வைக்கிற கதை. முதுமைக் காதலில் அதற்கு மிஞ்சியது இல்லை. ஆனால் கல்யாணத்தில் கோளாறே இல்லை, கோளாறெல்லாம் வெளியே. மறுநாள் வேலைக்குப் போக வேண்டியவர்கள் அதைத் தொடாதீர்கள்.

## அப்படியானால் எது?

கணவன் மனைவி இருவர் மட்டும், சண்டை வந்தாலும் பேசித் தீர்த்துக்கொள்கிற ஜோடி என்றால் 'டாட்ஸ்வொர்த்'. பணி ஓய்வுக்கு ஒரு வருஷம் இருக்கிறவர்களுக்கும் அதுதான். இனி என்ன செய்யப்போகிறோம் என்ற கேள்வியை அது காதலுக்குச் சமமாக வைத்துப் பேசுகிறது. கல்யாணம் உண்மையிலேயே ஆட்டம் கண்டிருக்கிற வீட்டில் மட்டும் வேண்டாம். அந்தப் படத்தில் போகிறவனுக்குக் கிடைக்கிற கைதட்டல் அங்கே தப்பாகக் கேட்கும்.

தனியாக இருக்கும் அம்மாவோடு, அல்லது அப்படி ஒரு அம்மாவுக்குப் பிள்ளையாகப் பார்ப்பதானால் 'ஆல் தட் ஹெவன் அலோஸ்'. பழைய படம் என்றாலே கறுப்பு வெள்ளை என்று முகம் சுளிப்பவர்களுக்கும் இதுதான் வழி.

'தேர்ஸ் ஆல்வேஸ் டுமாரோ'வைத் தனியாகப் பாருங்கள், அதுவும் ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு.

எனக்கு ஒரே ஓட்டு என்றால் 'டாட்ஸ்வொர்த்'துக்குப் போடுவேன். மற்ற இரண்டு படங்களிலும் யாரோ கதவைத் திறந்துவிடக் காத்திருக்கிறார்கள் அல்லது மூடிவிட்டதாக நினைத்துத் திரும்புகிறார்கள். சாம் டாட்ஸ்வொர்த் மட்டும்தான் கைப்பிடியைத் தன் பக்கத்திலிருந்து திருகிப் பார்க்கிறான், அதுவும் ஒரு தடவை தோற்றுப் போய் இரண்டாவது தடவையில்.

ஒரே ஒரு எச்சரிக்கை. கடைசி ஐந்து நிமிடத்தில் யாரையும் காபி போட எழுந்து போக விடாதீர்கள். எங்கள் வீட்டில் அத்தை டம்ளரோடு திரும்பி வந்தபோது கப்பல் ஊதிவிட்டது. "எங்கடா அவன்?" என்று கேட்டார். திரையில் ஃப்ரானும், அவன் கரையிறங்கிவிட்டான் என்று அப்போதுதான் அலறிக்கொண்டிருந்தாள்.